ஓய்வு பெற்ற ஹெலிகாப்டர்களும் திறக்கப்படாத பதிவேடுகளும்

இந்திய விமானப் படையில் 45 ஆண்டுகள் பணியாற்றிய எம்.ஐ.-8 ரக ஹெலிகாப்டர்களுக்கு 2017-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி பெங்களூரை அடுத்த எலஹங்கா விமானப் படைத் தளத்தில் விடை கொடுக்கப்பட்டது. 1971-க்கும் 1988-க்கும் இடையே சோவியத் யூனியனிடமிருந்து பெறப்பட்ட 107 ஹெலிகாப்டர்கள் அவை. சியாச்சினுக்கும் இலங்கைக்கும், வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்கும் பறந்தவை. அவற்றுக்கு உரிய மரியாதை அளிக்கப்பட்டதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால், அந்த 107 ஹெலிகாப்டர்களின் பழுதுபார்ப்பு, பராமரிப்புப் பதிவேடுகள் இனி யார் பொறுப்பில் இருக்கும், என்றைக்காவது அவை மக்கள் பார்வைக்கு வருமா என்ற கேள்வி பொது விவாதத்தில் அன்றும் எழவில்லை; இன்றும் எழவில்லை.

பதிவேடு என்றதும் தூசி படிந்த குமாஸ்தா வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் ஒரு "லாக் புக்" உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எப்போது தரையிறங்கியது, விமானி என்ன குறை சொன்னார், அந்தக் குறையை யார் எப்படிச் சரி செய்தார், யார் சரிபார்த்துக் கையொப்பமிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்ஜினுக்குத் தனி ஏடு. பிரதான கியர்பாக்ஸ், சுழல் இறக்கைகள், வால் சுழலி என ஆயுள் நிர்ணயிக்கப்பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண்ணுடன் கூடிய தனி அட்டை. ஒரு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்தினால் அந்த அட்டையும் பாகத்துடன் இடம் மாறும். இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், இத்தனை ஆண்டுகளுக்கு மேல் பறக்கக் கூடாது என்ற வரம்புகளும், அந்த வரம்புகள் நீட்டிக்கப்பட்டிருந்தால் யார் அனுமதித்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கும். அதாவது, ஓர் இயந்திரத்தின் சாதகம் மட்டுமல்ல, அதை வைத்திருந்த அரசின் நடத்தைச் சான்றிதழும் அதுவே.

தில்லியில் ஹெலிகாப்டர் என்றால் அது கொள்முதல் விவகாரம்தான். மிக முக்கியப் பிரமுகர்களுக்காக 12 அகஸ்டாவெஸ்ட்லேண்ட் ஹெலிகாப்டர்களை வாங்க 2010-இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தமும், ஊழல் குற்றச்சாட்டு காரணமாக அது 2014 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டதும் நாடாளுமன்றத்தைப் பல கூட்டத் தொடர்களில் முடக்கின. யார் தரகர், யாருக்கு எவ்வளவு என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் ஒரு ஹெலிகாப்டர் வாங்கப்படும் நாள் ஒன்று. அது பராமரிக்கப்படும் நாள்கள் பதினைந்தாயிரம். வாங்கிய நாளைப் பற்றி ஆண்டுக் கணக்கில் கூச்சலிடும் அவைக்கு, மீதி நாள்களைப் பற்றிக் கேட்க நேரமிருப்பதில்லை. இதில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லை. அன்று கேட்டவர்கள் இன்று ஆள்கிறார்கள், அன்று ஆண்டவர்கள் இன்று கேட்கிறார்கள். பராமரிப்பைப் பற்றி இருவருமே கேட்பதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு எம்.ஐ.-8 வெறும் பெயரல்ல. 1987 அக்டோபர் 11-ஆம் தேதி நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப் படையின் வீரர்களை இறக்கியவை இந்த ஹெலிகாப்டர்கள்தான். பலாலியிலிருந்து அலை அலையாகக் கொண்டு சென்று இறக்குவது திட்டம். கீழே விடுதலைப் புலிகள் காத்திருந்தனர். ஹெலிகாப்டர்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. அடுத்தடுத்த பயணங்கள் கைவிடப்பட்டன. அதனால், இறங்கிய 13-வது சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேர் தனித்து விடப்பட்டனர். அவர்களில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார்.

அன்றிரவு அந்த வளாகத்துக்கும் பலாலிக்கும் இடையே பறந்த ஒவ்வொரு ஹெலிகாப்டரும் எத்தனை குண்டுகளைத் தாங்கியது, எந்தப் பாகம் சேதமடைந்தது, எத்தனை மணி நேரத்தில் சரி செய்யப்பட்டது, மீண்டும் பறக்கத் தகுதியற்றது என்று எது ஒதுக்கப்பட்டது என்ற விவரங்கள் தொழில்நுட்ப வல்லுநரின் ஏட்டில்தான் இருக்க முடியும். வீரர்களைக் கைவிட்டார்கள் என்று ஒரு தரப்பும், அதற்கு மேல் பறப்பது தற்கொலை என்று மறு தரப்பும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நினைவுக் குறிப்புகளில் வாதிட்டு வருகின்றன. தளபதிகளின் நினைவைவிட, அன்று விடியற்காலையில் துளைகளை எண்ணிக் குறித்துக்கொண்ட ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் கையெழுத்து நம்பகமான சாட்சி. அது நினைவுக் குறிப்பு எழுதுவதற்காக எழுதப்பட்டதல்ல.

அந்த இரவில் பங்கேற்ற 109-வது ஹெலிகாப்டர் பிரிவு பிற்காலத்தில் கோவையை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்டது. அந்தப் பிரிவைச் சேர்ந்த எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டர்தான் 2021 டிசம்பர் 8-ஆம் தேதி வெலிங்டன் நோக்கிச் சென்றபோது குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் விபின் ராவத், அவரது மனைவி உள்பட 14 பேர் உயிரிழந்தனர். தீயணைப்புப் படை வருவதற்கு முன்பே குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைத் தமிழகம் மறந்திருக்காது.

விசாரணை என்ன சொன்னது? இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியம் இல்லை. திடீரென மேகம் சூழ்ந்ததால் விமானி திசை உணர்வை இழந்து மலையில் மோதினார் என்று 2022 ஜனவரியில் ஒரு சுருக்கமான அறிவிப்பு வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கையில், விபத்துகள் பற்றிய அட்டவணையில், காரணம் என்ற கட்டத்தில் "மனிதத் தவறு (விமானக் குழு)" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அலட்சியம் இல்லை என்ற அறிவிப்பும் தவறு என்ற அட்டவணையும் முரண்பட வேண்டியதில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இறந்துபோன விமானியின் பெயரில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்புக்கான ஆதாரங்களை அவரது குடும்பமோ நாடோ படித்துப் பார்க்க வழியில்லை. இயந்திரத்தில் கோளாறு இல்லை என்றால், அந்த இயந்திரத்தின் பராமரிப்பு வரலாற்றை வெளியிடுவதில் என்ன தயக்கம்?

மைசூரிலிருந்து நீலகிரிக்குச் செல்லும் பழைய வழி நஞ்சன்கூடு வழியாகத்தான். மண்டகள்ளி விமான நிலையம் இந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது. கபினியைக் கடந்து நஞ்சன்கூடு, பிறகு குண்டலுபேட், பந்திப்பூர், கூடலூர். நஞ்சப்பசத்திரம், நஞ்சன்கூடு என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் நஞ்சுண்டவனின் பெயரைச் சுமப்பது தற்செயல்தான். ஆனால் நஞ்சன்கூட்டைப் பற்றி இங்கே குறிப்பிடுவதற்கு வேறு காரணம் உண்டு.

ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் இன்றும் வழிபாட்டில் உள்ள மரகத லிங்கம் திப்பு சுல்தான் அளித்தது என்கிறது மரபு. அவரது பட்டத்து யானை கண் பார்வை இழந்ததாகவும், நஞ்சன்கூட்டில் வேண்டிக்கொண்ட பின் அது குணமானதாகவும், அதற்கு நன்றியாக அந்த லிங்கத்தை அளித்து, இறைவனை "ஹக்கீம் நஞ்சுண்டா" என்று, அதாவது மருத்துவர் நஞ்சுண்டர் என்று, அவர் அழைத்ததாகவும் சொல்வார்கள். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஒரு படை வாகனம் பழுதுபட்டதையும், அது சரி செய்யப்பட்டதையும், யார் சரி செய்தார் என்பதையும் ஓர் ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. அதே ஊரில் 1735-இல் கட்டப்பட்ட கபினிப் பாலம் பிற்காலத்தில் ரயிலையும் தாங்கியது. அதன் ஆண்டும் கட்டிய தளவாயின் பெயரும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். யானைக்கும் பாலத்துக்கும் கிடைத்த நினைவு, 1988-இல் வாங்கிய ஹெலிகாப்டருக்குக் கிடைக்கவில்லை.

மைசூர் அரசின் பழைய எல்லைக்குள் பிறந்ததுதான் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும். 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானம் அளித்த நிலத்தையும் முதலீட்டையும் கொண்டு பெங்களூரில் அதைத் தொடங்கினார். விமானம் தயாரிக்கத்தான் தொடங்கப்பட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போர் அதைப் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றியது. 1943 முதல் அமெரிக்க ராணுவத்தின் நிர்வாகத்தில் நேச நாடுகளின் விமானங்கள் அங்கே செப்பனிடப்பட்டன. இந்தியாவின் விமானத் தொழிலாளி முதலில் கற்றது பழுதுபார்க்கத்தான். கர்நாடகத்தவரும் தமிழரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்று கற்ற தொழில் அது. நமது விமானத் துறையின் வரலாறு எழுதப்படும்போதோ முதல் பறத்தல், முதல் விற்பனை, முதல் ஒப்பந்தம் என்றே எழுதப்படுகிறது. செப்பனிட்ட கைகள் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

பராமரிப்பு என்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல, அயலுறவுக் கொள்கையும்கூட. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்தியவுடன் அமெரிக்கா விதித்த தடையால் முதலில் பாதிக்கப்பட்டவற்றுள் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்களும் உண்டு. அவை பிரிட்டனில் தயாரானவை. ஆனால் முக்கியப் பாகங்களின் வேர் அமெரிக்காவில் இருந்தது. பாகங்கள் வராமல் பல ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சோவியத் யூனியன் சிதறியபோது எம்.ஐ. ரக ஹெலிகாப்டர்களுக்கு அதே நிலை. ஒரே நிறுவனத்திடம் வாங்கிய பாகங்களுக்கு இப்போது யாரிடம் கேட்பது, எந்த நாட்டின் எந்தத் தொழிற்சாலை என்று தேட வேண்டியிருந்தது. இந்த இரண்டு நெருக்கடிகளையும் சண்டீகரிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது முறையாக எழுதப்பட்டிருந்தால், 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷியத் தயாரிப்புகளுக்கான உதிரி பாகங்கள் பற்றி எழுந்த கவலைக்கு ஒரு முன்மாதிரி கையில் இருந்திருக்கும்.

உள்நாட்டில் இதைப் பற்றி ஓரளவு பேசியிருப்பது தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலகம் (சி.ஏ.ஜி.) மட்டுமே. எம்.ஐ. ரக ஹெலிகாப்டர்களின் இயக்கம், பராமரிப்பு குறித்து 2010-இல் அது அளித்த அறிக்கை, விமானப் படையின் ஹெலிகாப்டர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நிர்ணயிக்கப்பட்ட ஆயுளைக் கடந்தும் பறப்பதைச் சுட்டிக்காட்டியது. 2020-இல் வந்த மற்றோர் அறிக்கை இன்னும் கசப்பானது. எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் தொண்ணூறை மேம்படுத்த வேண்டும் என்று 2002-இல் முன்மொழியப்பட்டது. இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2017-இல். பணி முடியும்போது அவற்றில் 56 ஹெலிகாப்டர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான ஆயுளே மிஞ்சியிருக்கும் என்று தணிக்கையாளர்கள் கணக்கிட்டனர். கல்யாணம் முடிவதற்குள் மாப்பிள்ளைக்குச் சஷ்டியப்தபூர்த்தி வந்துவிட்ட கதை. இந்த அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்பட்டன. விவாதிக்கப்பட்டனவா என்று கேட்கக் கூடாது.

தணிக்கை அறிக்கை மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த ஹெலிகாப்டர், எந்தப் பாகம், எந்த நீட்டிப்பு, எந்த விபத்து என்ற தொடர்பைத் தனித்தனிப் பதிவேடுகள் மட்டுமே காட்டும்.

சீட்டா, சேட்டக் ஹெலிகாப்டர்களின் கதை இதற்குச் சான்று. பிரான்சின் அலுவெட் வடிவமைப்பை உரிமம் பெற்றுப் பெங்களூரில் தயாரித்தது நமது நிறுவனம். சேட்டக்கின் மூல வடிவம் முதன்முதலில் பறந்தது 1959-இல். இன்றும் இந்திய வானில் அந்தக் குடும்பம் பறக்கிறது. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சீட்டாவைப் போல் சியாச்சின் உயரத்தில் தரையிறங்கக்கூடிய ஹெலிகாப்டர்கள் உலகிலேயே சிலதான். அதன் பிரெஞ்சு மூல வடிவம் 1972-இல் 12,442 மீட்டர் உயரத்தை எட்டிச் சாதனை படைத்தது. சிக்கல், ஒரு நல்ல இயந்திரத்தை எவ்வளவு காலம் பறக்க வைப்பது என்பதில்தான். மாற்று ஹெலிகாப்டர்களுக்கான டெண்டர் 2007-இல் ரத்தானது. மறுபடி அறிவிக்கப்பட்டது 2014-இல் ரத்தானது. ரஷியாவின் காமோவ்-226 ஹெலிகாப்டர்கள் 200 வாங்குவதற்கான உடன்பாடு 2015-இல் கையெழுத்தாகி அப்படியே நின்றது. நமது இலகு பயன்பாட்டு ஹெலிகாப்டர் 2016-இல் முதன்முதலாகப் பறந்தது. 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் தரைப்படைக்கு 120, விமானப் படைக்கு 80 என 200 ஹெலிகாப்டர்களுக்கு மீண்டும் தகவல் கோரியுள்ளது. கால் நூற்றாண்டை நெருங்கும் இந்தச் சுற்றில் அரசுகள் மாறின, அமைச்சர்கள் மாறினர். விமானியின் இருக்கை மட்டும் மாறவில்லை.

2015-இல் ராணுவ அதிகாரிகளின் மனைவியர் திரண்டு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரைச் சந்தித்து இந்த ஹெலிகாப்டர்களைக் கைவிடுமாறு வேண்டினர். படைக் குடும்பங்கள் இப்படி வெளிப்படையாக வந்து கேட்பது நமது நாட்டில் அரிது. அதற்குப் பிறகும் இறுதி ஊர்வலங்கள் தொடர்ந்தன. 2023 மார்ச் 16-ஆம் தேதி அருணாசலப் பிரதேசத்தில் சீட்டா ஒன்று விழுந்ததில் இரு அதிகாரிகள் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் தேனி மாவட்டம் ஜெயமங்கலத்தைச் சேர்ந்த மேஜர். அதே ஆண்டு நவம்பரில் கொச்சி கடற்படைத் தளத்தில் பராமரிப்புச் சோதனைக்காகத் தரையில் இயக்கிப் பார்க்கப்பட்ட சேட்டக் விபத்துக்குள்ளானதில் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். பறக்காத ஹெலிகாப்டரும் உயிரை வாங்கும். அதைப் பழுதுபார்ப்பவர்களும் போர்முனையில்தான் இருக்கிறார்கள்.

புதியன என்றால் பதிவேடு வேண்டாம் என்று எண்ண வேண்டியதில்லை. நாம் பெருமைப்படும் துருவ் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 5-ஆம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல் படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தனர். சுழல் இறக்கைகளின் கோணத்தைக் கட்டுப்படுத்தும் தட்டில் முறிவு ஏற்பட்டது தெரியவந்தது. நாட்டிலுள்ள 300-க்கும் மேற்பட்ட துருவ் ஹெலிகாப்டர்களும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. அதே துருவை 2008-இல் ஏழு எண்ணிக்கையில் வாங்கிய ஈக்வடார், நான்கு விழுந்த பிறகு 2015-இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பாதி விபத்துகளுக்கு இயந்திரக் கோளாறு காரணம் என்றது ஈக்வடார். முறையாகப் பராமரிக்கவில்லை என்றது நமது தரப்பு. எது சரி என்பதை நிரூபிக்க நம்மிடம் இருந்த ஒரே ஆயுதம் நமது சொந்த துருவ்களின் பராமரிப்பு வரலாறு. அதை உலகின் முன் விரித்து வைக்க முடியாத நிலையில் நின்றோம். ஏற்றுமதி என்பது இயந்திரத்தை விற்பதல்ல, நம்பிக்கையை விற்பது.

பழைய ஹெலிகாப்டர்களுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. ஆப்கானிஸ்தானுக்கு நமது எம்.ஐ.-25 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் நான்கை அளித்தோம். பிறகு 2019-இல் பெலாரஸிலிருந்து பழைய எம்.ஐ.-24 ஹெலிகாப்டர்கள் நான்கைச் செப்பனிட்டுக் கொடுக்கப் பணம் செலுத்தினோம். 2021-இல் அந்நாட்டின் அரசே வீழ்ந்தது. மாலத்தீவுக்கு அளித்த ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கச் சென்ற நமது ராணுவத்தினரே 2024-இல் அந்நாட்டு அதிபரின் அரசியலுக்கு இலக்காயினர். அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு சிவில் தொழில்நுட்பப் பணியாளர்களை அனுப்ப நேர்ந்தது. மறுபுறம், பிறர் ஒதுக்கியதை நாமும் வாங்கியிருக்கிறோம். அமெரிக்கக் கடற்படையின் டிரென்டன் கப்பலை 2007-இல் வாங்கி ஜலஷ்வா என்று பெயரிட்டபோது அத்துடன் யு.எச்.-3 எச் ரக பழைய ஹெலிகாப்டர்கள் ஆறும் வந்தன. அந்தக் கப்பலை முறையாக மதிப்பிடாமல் வாங்கியதாக 2008-இல் தணிக்கை அறிக்கை கண்டித்தது. அந்த ஹெலிகாப்டர்கள் 17 ஆண்டுகள் உழைத்து 2024 ஜூனில் விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றன. ஒன்றைக் காட்சிக்கு வைக்கும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. காட்சிக்கு வைக்கப்படும் ஹெலிகாப்டரின் முன் குழந்தைகள் படம் எடுத்துக்கொள்வார்கள். அது அமெரிக்காவில் என்ன செய்தது, நம்மிடம் எத்தனை முறை நின்றது, நின்றதை எழுப்பியவர் யார் என்பதும் அந்தப் பலகையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இது நடக்கக்கூடியதா என்றால், நடந்திருக்கிறது. வியத்நாம் போரில் பறந்த ஹெலிகாப்டர்களின் வரலாற்றை, வரிசை எண் வாரியாக, அமெரிக்காவின் முன்னாள் ஹெலிகாப்டர் விமானிகளின் சங்கமே தொகுத்து வைத்திருக்கிறது. பிரிட்டனின் அனுபவம் இன்னும் ஆழமானது. 1994 ஜூன் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கின்டயர் முனையில் சினூக் ஹெலிகாப்டர் மலையில் மோதி, வட அயர்லாந்தின் உளவுத் துறை அதிகாரிகள் உள்பட 29 பேரும் இறந்தனர். இரண்டு விமானிகளும் பெரும் அலட்சியம் காட்டினர் என்று 1995-இல் விமானப் படையின் உயர் அதிகாரிகள் தீர்ப்பெழுதினர். பழுதும் இல்லை, கோளாறும் இல்லை என்றார்கள். குடும்பத்தினர் விடவில்லை. புதிய ரக சினூக்கின் என்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பற்றி விமானப் படையின் சொந்தச் சோதனை மையமே கடும் ஐயம் தெரிவித்திருந்ததை ஆவணங்கள் காட்டின. 2011-இல் லார்டு ஃபிலிப் தலைமையிலான ஆய்வுக்குப் பின் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டு, அரசு மன்னிப்புக் கோரியது. பதினாறு ஆண்டுகள் கழித்து இரு இளைஞர்களின் பெயர் துடைக்கப்பட்டது, யாரோ பாதுகாத்து வைத்திருந்த காகிதங்களால். அந்த விபத்தின் சில கோப்புகள் 100 ஆண்டுகளுக்கு மூடப்பட்டுள்ளதை எதிர்த்து இறந்தோரின் குடும்பத்தினர் இன்னமும் போராடி வருகின்றனர். ஜனநாயகத்தின் தாய்நாடு என்று சொல்லிக்கொள்ளும் நாட்டிலும் கோப்புகள் தாமாகத் திறப்பதில்லை.

இங்கே சொல்லப்படும் எதிர்வாதம் தெரிந்ததே: நாட்டின் பாதுகாப்பு. அதை முழுவதும் ஒதுக்கிவிட முடியாது. இன்று பறக்கும் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் எம்.ஐ.-8-இன் வாரிசு, ஒன்றின் பலவீனம் மற்றொன்றுக்கும் பொருந்தலாம். எத்தனை ஹெலிகாப்டர்கள் எந்நேரமும் தயார் நிலையில் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை எதிரிக்குத் தெரியப்படுத்த எந்த நாடும் விரும்பாது. ஆனால் 1979-இல் எந்தத் தளத்தில் எந்த கியர்பாக்ஸ் மாற்றப்பட்டது என்பதில் என்ன ரகசியம்? அதை வடிவமைத்த ரஷியர்களுக்குத் தெரியும். அதே ரகத்தை வாங்கிப் பறந்த பாகிஸ்தானுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது வரி செலுத்திய இந்தியக் குடிமகனுக்கு மட்டும்.

புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. போர்கள், ராணுவ நடவடிக்கைகளின் வரலாற்றைத் தொகுப்பதற்கும் ஆவணங்களின் ரகசியக் காப்பை நீக்குவதற்கும் ஒரு கொள்கையைப் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 2021 ஜூனில் அறிவித்தார். திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு வலியுறுத்தியதுதான் இது. போர் நாட்குறிப்புகள், நடவடிக்கைப் பதிவேடுகள் ஆகியவற்றை அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்; சாதாரணமாக 25 ஆண்டுகளில் அவற்றின் ரகசியக் காப்பு நீக்கப்பட வேண்டும்; பின்னர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது அந்தக் கொள்கை. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அதற்கு அடிப்படை. 1962 போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையையே இன்னும் வெளியிடாத அரசு இதை எவ்வளவு தூரம் நிறைவேற்றும் என்ற ஐயம் நியாயமானது. இருந்தாலும் கொள்கை என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. அதில் பராமரிப்பு ஏடுகளையும் வெளிப்படையாகச் சேர்த்தால் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இதைப் பெற முயல்வோர், 20 ஆண்டுகள் கடந்த தகவல்களுக்கு அந்தச் சட்டம் அளிக்கும் தளர்வு நாட்டின் பாதுகாப்பு என்ற விலக்குக்குப் பொருந்தாது என்ற சுவரில் மோதுகிறார்கள். எனவே கதவை உள்ளிருந்துதான் திறக்க வேண்டும்.

25 ஆண்டுக் கணக்கின்படி, இலங்கையில் அமைதிப் படை இருந்த 1987 முதல் 1990 வரையிலான காலத்தின் ஏடுகள் 2015-க்குள் திறந்திருக்க வேண்டியவை. அந்த நடவடிக்கையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ஈழத் தமிழர்கள் அதற்கும் மேலாக இழந்தனர். எந்தத் தரப்பின் நியாயத்தைப் பேசுவோருக்கும் அந்த நாள்களில் எந்த ஹெலிகாப்டர் எங்கே பறந்தது, என்ன ஆயுதம் ஏற்றிச் சென்றது, என்ன சேதத்துடன் திரும்பியது என்ற விவரம் தேவை. நாடாளுமன்றத்தில் ஈழம் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசும் தமிழக உறுப்பினர்கள், கட்சி வேறுபாடின்றி, இந்த ஒரு கேள்வியை எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். பதில் மறுக்கப்பட்டாலும் மறுப்பு பதிவாகும்.

சீட்டா, சேட்டக் ஹெலிகாப்டர்களைப் படிப்படியாக விலக்கும் பணி 2027-இல் தொடங்கும் என்று தரைப்படை 2024-இல் தெரிவித்திருக்கிறது. முடிய பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அவற்றின் இடத்தில் பறக்க வேண்டியவற்றைத் தயாரிக்க, 2023 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்த துமகூரு தொழிற்சாலை இருக்கிறது. ஆக, எம்.ஐ.-8 விஷயத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது: கடைசி ஹெலிகாப்டர் போன பிறகு தேடுவதற்குப் பதிலாக, முதல் ஹெலிகாப்டர் போகும் முன்பே ஏற்பாடு செய்யலாம். ஓய்வு பெறும் ஒவ்வொரு ஹெலிகாப்டரின் லாக் புக்கும் பாக அட்டைகளும் கழிவுக் காகிதத்துடன் போகாமல் மின்னணு நகல் எடுக்கப்பட்டு வரலாற்றுப் பிரிவுக்கு வர வேண்டும் என்று தரைப்படை, கடற்படை, விமானப் படை, கடலோரக் காவல் படை ஆகிய நான்குக்கும் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த ஹெலிகாப்டரின் ஏட்டைப் பார்க்கும் உரிமை 25 ஆண்டுகள் காத்திராமல், விசாரணை முடிந்த உடனேயே அளிக்கப்பட வேண்டும். ஜெயமங்கலத்துக் குடும்பத்துக்கு 2048 வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.